குட்டைக் கால் வேட்டைநாயின் வரலாறு: பாஸே ஆர்தேசியன் நோர்மான்

பாஸே ஆர்தேசியன் நோர்மான் என்பது வட பிரான்சின் ஆர்துவா, நார்மண்டி ஆகிய இரு வட்டாரங்களின் பெயரையும் தாங்கி நிற்கும் மோப்ப வேட்டைநாய் இனம். தோள் உயரம் 30 முதல் 36 சென்டிமீட்டர். எடை 15 முதல் 20 கிலோ. நீண்ட உடல், குட்டையான கால்கள், மூக்கு நுனிவரை எட்டும் சுருண்ட காதுகள், பழுப்பும் வெள்ளையும் அல்லது அவற்றோடு கறுப்பும் கலந்த குறுமயிர் ஆகியவை இதன் அடையாளங்கள். குட்டைக் காலை ஊனம் என்று கருதுவோர் உண்டு. வரலாற்றைப் பார்த்தால், ஒரு வேலைக்காகவே வேட்டைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து காத்துவந்த பண்பு அது என்பது தெளிவாகும்.

இவ்வகை நாய்களைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளுள் முக்கியமானது, ழாக் து ஃபூயு 1561இல் வெளியிட்ட ‘லா வேனரி’ என்னும் வேட்டை நூல். வளைக்கரடியையும் நரியையும் வளைக்குள் புகுந்து மடக்கும் குட்டை நாய்கள் ஆர்துவா, ஃபிளாண்டர்ஸ் பகுதிகளிலிருந்து வந்தவை என்கிறது அந்நூல். வளைந்த காலுடையவை, நேரான காலுடையவை என அவற்றை இரண்டாகவும் பிரிக்கிறது. முன்னது மண்ணுக்கடியில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும். பின்னது தரைமேல் ஓடவும் உதவும். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு இனத்தையே இரு கிளைகளாக்கிய வேறுபாடு அப்போதே கண்ணில் பட்டுவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

வளைக்குள் புகுந்த நாய் தரைமேல் முயல் வேட்டைக்கு நிலையாக வந்து சேர்ந்ததில் அரசியலுக்கும் பங்குண்டு. பெரிய மோப்ப நாய்க் கூட்டத்தைக் குதிரைமீது பின்தொடர்வது பிரபுக்களின் வேட்டை முறை. 1789 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி அவர்களின் வேட்டைச் சிறப்புரிமையை ஒழித்தது. குதிரையும் லாயமும் இல்லாதவர்கள் துப்பாக்கியோடு நடந்தே வேட்டைக்குப் போனார்கள். நடந்து செல்பவருக்கு வேகமான நாயால் பயனில்லை. மெல்ல நகர்ந்து, புதருக்குள் நுழைந்து, விடாமல் குரைத்தபடி முயலைத் துப்பாக்கியின் பக்கம் திருப்பிவிடும் நாய்தான் வேண்டும். குட்டைக் காலின் மதிப்பு இங்கேதான் கூடியது.

1870களில் இனவளர்ப்பு முறைப்படத் தொடங்கியது. லெ குத்தே த காந்த்லே கோமகன் நேரான முன்னங்கால் கொண்ட, வேலைக்கேற்ற எளிய வடிவத்தை வளர்த்தார்; ஆர்துவா வகை எனப்பட்டது இதுவே. லூயி லான் வளர்த்த நார்மண்டி வகைக்கு முன்னங்கால்கள் வளைந்திருந்தன. தலையும் தோலும் கனத்து, பார்வைக்கு எடுப்பாக இருந்தது.

அதே காலத்தில் இந்நாய்கள் இங்கிலாந்துக்கும் போயின. ஓவியர் ஜான் எவரெட் மில்லேயின் மகனான எவரெட் மில்லே 1874இல் பாரிஸில் ‘மாடல்’ என்ற நாயை வாங்கி, மறு ஆண்டே வுல்வர்ஹாம்ப்டன் கண்காட்சியில் நிறுத்தினார். நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகியதால் நலிவு தோன்ற, 1890களில் செயற்கை விந்தேற்றம் மூலம் பிளட்ஹவுண்டுடன் கலப்புச் செய்தார். இன்றைய பாஸெட் ஹவுண்ட் அந்த வழியில் வந்தது. கண்காட்சி மேடைக்காக அதன் எடையும் தோல் மடிப்பும் கூடிக்கொண்டே போனதை வளர்ச்சி என்று சொல்ல முடியாது.

பிரான்சில் முதல் இன வரையறை 1898இல் எழுதப்பட்டது. இன்றைய பெயரை இனச் சங்கம் 1924இல் ஏற்றது. 1927இல் 77 வயதில் சங்கத் தலைமைக்கு வந்த லெயோன் வெரியே நார்மண்டிச் சாயலை வலுப்படுத்த முனைந்தார். ஆயினும் வேட்டைக்காரர்களின் தேவை கடிவாளமாக இருந்ததால், ஆங்கில உறவினரைவிட இலேசான உடலோடு இந்த இனம் நிலைத்தது.

குட்டைக் காலின் காரணத்தை 2009இல் மரபியல் ஆய்வு விளக்கியது. எலும்பு வளர்ச்சியில் பங்குகொள்ளும் எஃப்ஜிஎஃப்4 மரபணுவின் கூடுதல் பிரதி ஒன்று பாஸெட் ஹவுண்ட், டாக்ஸ்ஹண்ட், கார்கி முதலிய இனங்களில் இருப்பது தெரியவந்தது. கால் எலும்புகள் நீள்வது அதனால் முன்னதாகவே நின்றுவிடுகிறது. அதே மரபணுவின் இன்னொரு பிரதி முதுகெலும்பின் இடைவட்டுகளைச் சீக்கிரம் கெட்டிப்படுத்துகிறது என்பதை 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. குட்டைக் கால் நாய்களுக்கு இடைவட்டு நோய் மிகுதியாக வருவதன் பின்னணி இது.

ஆகவே பராமரிப்பில் முதலிடம் எடைக்கு. இந்த நாய்க்குத் தின்பதில் அலுப்பே கிடையாது. விலாவைத் தடவினால் எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் உணவைக் குறைக்க வேண்டும். உயரமான இடத்திலிருந்து குதிக்க விடுவதும், நாள்தோறும் பலமுறை மாடிப்படி ஏற்றி இறக்குவதும் முதுகுக்குக் கேடு. தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியிலும் மற்றொரு கை பின்தொடைக்கடியிலும் இருந்தால் முதுகு தொய்யாது.

அடுத்தது காது. தொங்கும் மடல் காதுத் துளையை மூடிக்கொள்வதால் காற்றுப் புகாது. ஈரம் தங்கி, பூஞ்சையும் கிருமியும் பெருகும். மடலைப் புரட்டிப் பார்த்தால் உட்தோல் வெளிறிய இளஞ்சிவப்பாக, வாடையின்றி இருக்க வேண்டும். கருமெழுகு, புளித்த நாற்றம், ஓயாத தலையாட்டல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே முறை. பஞ்சுக் குச்சியைத் துளைக்குள் விட்டால் அழுக்கு இன்னும் உள்ளே போகும். நீண்ட காது உணவுத் தட்டில் தோய்வதால், குறுகிய வாயுள்ள கிண்ணத்தில் சோறு வைப்பது நல்லது. குறுமயிருக்கு வாரம் ஒருமுறை சீவல் போதும்.

குணத்தில் இது சாதுவான நாய். கூட்டமாக வேட்டையாடிய மரபு என்பதால் மற்ற நாய்களோடு எளிதில் ஒத்துப்போகும், தனிமையைத் தாங்காது. மோப்பம் கிடைத்துவிட்டால் அழைக்கும் குரல் காதில் ஏறாது. வேலியில்லாத இடத்தில் வாரில்லாமல் விடக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். தினமும் நீண்ட நடையும், நின்று நின்று முகர அவகாசமும் தேவை. கணீரென்ற அதன் குரைப்பு, புதருக்குள் நாய் எங்கே இருக்கிறது என்பதை வேட்டைக்காரருக்குச் சொல்வதற்காகவே தேர்ந்து வளர்க்கப்பட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அதை அடக்க முயல்வது வீண். வாரந்தோறும் காதைப் பார்க்கவும், நாள்தோறும் நடத்திச் செல்லவும், உணவை அளந்து போடவும் முடியாதவர்கள் இந்த இனத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதே நல்லது.