முறைத் தண்ணீரும் மீட்டர் அட்டையும்

ஜூன் 12 என்றால் என்ன நாள் என்று தஞ்சாவூர் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூர் அணையைத் திறக்க வேண்டிய நாள். அணையிலிருந்து வெளியே வருகிற தண்ணீரின் பெரும்பகுதி, அங்கே இருக்கிற மின் நிலையத்தில் டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் கல்லணைக்குக் கிளம்புது. குறுவைக்கு வருகிற அதே தண்ணீர்தான் கரண்ட்டாகவும் மாறுது.

தண்ணீரை எண்ணுவதில் டெல்டாக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. தண்ணீர் குறைந்த வருஷங்களில் ஆற்றுக்கு ஆறு, வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துப் பாய்ச்சுவோம். எந்த மடை எத்தனை நாள் திறந்திருந்தது என்று ஊரே கணக்கு வைத்திருக்கும். ஆனால் கரண்ட்டை நாம் அப்படி எண்ணினதே இல்லை. ஏன் எண்ணவில்லை, எப்போது எண்ண ஆரம்பித்தோம்? இன்றைக்கு அதைத்தான் பேசப் போகிறேன். புது ஃபேன், புது ஃபிரிட்ஜ் வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

காவிரியில் மின்சாரம் எடுப்பது 1902-ல் சிவசமுத்திரத்தில் தொடங்கியது. அந்தக் கரண்ட் போனது கோலார் தங்க வயலுக்கு. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது, அங்கே மின் உற்பத்தி 1937-ல் வந்தது. கிராமத்து வீடுகளுக்குக் கம்பி வந்து சேர இன்னும் பல வருஷம் ஆச்சு. திருவையாறு பக்கம் எங்க தாத்தா வீட்டில் கூடத்துக்கு ஒரு குண்டு பல்பு, அடுப்படிக்கு ஒன்று, அவ்வளவுதான். ஃபேன் கிடையாது, அது பெரிதாகத் தேவையும் படவில்லை. நாட்டு ஓடு, நடுவில் முற்றம், வாசலில் திண்ணை. சித்திரை வெயிலிலும் திண்ணையில் துண்டை விரித்தால் தூக்கம் வந்துவிடும்.

1980-களிலிருந்து ஓட்டைப் பிரித்துத் தளம் போட ஆரம்பித்தோம். எங்க அப்பாவும் போட்டார். மழைக்கு ஒழுகாத வீடு, ஊரில் ஒரு கௌரவம். ஆனால் பகலெல்லாம் குடித்த வெயிலை கான்கிரீட் ராத்திரி முழுக்க உள்ளே விட்டது. சாயங்காலம் கொஞ்ச நேரம் ஓடின ஃபேன் பதினைந்து மணி நேரம் ஓட ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். நம்ம வீட்டு மின் செலவு கூடியதற்குப் பொருட்களின் எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை. வீடே மாறிப்போச்சு.

வயல் பக்கம் வேறு கதை. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. அந்த முடிவுக்குப் பின்னால் பெரிய நியாயம் இருக்கு. 1970-ல் கட்டண உயர்வை எதிர்த்துப் போராடின விவசாயிகள் மூன்று பேர் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் செத்திருக்கிறார்கள். ஆனால் இலவசத்தோடு கூடவே ஒரு பழக்கமும் வந்தது. மோட்டார் வாங்கும்போது தண்ணீர் எவ்வளவு தள்ளும், விலை எவ்வளவு என்று கேட்டோம். எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. பில்லே இல்லாதபோது எதற்குக் கேட்கணும்?

அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்தது. கோயம்புத்தூரில் 1955-ல் சபாபதி என்பவர் செய்த மாவு அரைக்கும் கிரைண்டர், ஆட்டுக்கல்லில் உட்கார்ந்திருந்த பெண்களின் தோள்வலியைக் குறைத்தது. அடுத்து மிக்ஸி, ஃபிரிட்ஜ் என்று வரிசையாக வந்தன. 2006-ல் அரசின் இலவச டி.வி., 2011 செப்டம்பரில் இலவச மிக்ஸி, கிரைண்டர், ஃபேன். அதுவரை ஃபேனே இல்லாத எத்தனையோ வீடுகளில் முதல் ஃபேன் அதுதான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எண்ண ஆரம்பித்தது எப்போது தெரியுமா? கரண்ட் இல்லாதபோதுதான்.

2008-ல் தொடங்கிய மின்வெட்டு 2012-ல் உச்சத்துக்குப் போனது. சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் நமக்கு எட்டு மணி, பத்து மணி, சில நாள் அதற்கும் மேலே. அந்த வருஷம் மேட்டூரையும் செப்டம்பரில்தான் திறந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, நிலத்தடித் தண்ணீரை இறைக்கக் கரண்ட் இல்லை. குறுவை போச்சு. வீட்டில் இலவச ஃபேன் சுற்றாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிந்தவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். எங்க வீட்டிலும் ஒன்று வந்தது. இரண்டு ஃபேன், இரண்டு டியூப் லைட் போட்டால் ராத்திரி பாதியிலேயே பேட்டரி கத்தும். ஏன் என்று முதல் தடவையாக உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பழைய ஃபேன் ஒன்று 75 வாட்ஸ், பழைய டியூப் லைட் சோக்கோடு சேர்ந்து 50 வாட்ஸ். மொத்தம் 250. பின்னாளில் 30 வாட்ஸ் பி.எல்.டி.சி. ஃபேனும் 20 வாட்ஸ் எல்.இ.டி. டியூபும் மாட்டினபோது அது 100 ஆச்சு. அதே பேட்டரி இரண்டரை மடங்கு நேரம் தாங்கியது.

அடுத்த பாடம் 2018 நவம்பர் 16. கஜா புயல். மாவட்டங்கள் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேலான மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை பக்கம் எங்க அக்கா வீட்டில் மூன்று வாரம் கரண்ட் இல்லை. மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் வரும், மணிக்கு இவ்வளவு என்று காசு. ஜெனரேட்டர்காரர் கேட்ட முதல் கேள்வி, "மோட்டார் எத்தனை எச்.பி.ம்மா?" பதினைந்து வருஷம் அந்த மோட்டாரை ஓட்டின அக்காவுக்குப் பதில் தெரியவில்லை. டார்ச் அடித்துப் பின்பக்கத் தகட்டைப் பார்த்துச் சொன்னாங்க. அன்றைக்கு அவங்க தெருவில் எல்லா மோட்டாரின் எச்.பி.யும் எல்லாருக்கும் தெரிந்துபோச்சு.

இத்தனைக்கும் எண்ணுவதற்கான கருவியை அரசு 2006-லேயே கொடுத்திருந்தது. 2002-ல் அமைந்த மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு கொண்டுவந்த நட்சத்திர லேபிள். 2010 ஜனவரியில் ஏ.சி., ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜ், டியூப் லைட் போன்றவற்றுக்கு அது கட்டாயமானது. நம்ம வீடுகளில் அதிக நேரம் ஓடுகிற சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரியில்தான் கட்டாயமானது. கடைக்குப் போனால் நட்சத்திரத்தை மட்டும் எண்ணாதீங்க. ஃபிரிட்ஜ், ஏ.சி. லேபிளில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும், அது எந்த வருஷத்து லேபிள் என்றும் இருக்கும். அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குவதால், பழைய அஞ்சு நட்சத்திரம் இன்றைக்கு மூன்றுக்குச் சமமாக இருக்கலாம். ஏ.சி.க்கு அந்த எண் வருஷத்துக்கு 1600 மணி நேரம் என்று வைத்துப் போட்ட கணக்கு. உங்க வீட்டில் அதைவிட அதிகம் ஓடினால் யூனிட்டும் கூடும்.

முக்கியம் நேரம்தான். 550 வாட்ஸ் மிக்ஸி தினம் பத்து நிமிஷம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஐந்தரை யூனிட். 75 வாட்ஸ் ஃபேன் தினம் பதினைந்து மணி நேரம் ஓடினால் 67 யூனிட்டுக்கு மேலே. 30 வாட்ஸ் ஃபேன் என்றால் 27. சத்தம் போடுகிற மிக்ஸியைப் பார்த்துத்தான் நாம் பயப்படுகிறோம்!

நம்ம கட்டணத்தில் இந்த வித்தியாசம் எங்கே தெரியும்? 2016 மே மாதம் முதல், இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் இன்னொரு படி. 2022 செப்டம்பர் கட்டணப்படி 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாயாக இருந்தது. 501 ஆகிவிட்டால் அதே யூனிட்டுகளுக்கு 4.50 ஆனது. அந்த ஒரு யூனிட்டால் 225 ரூபாய்க்கு மேல் கூடியது. மூன்று ஃபேனை மாற்றினால் 120 யூனிட் குறையும். வரம்பை ஒட்டி நிற்கிற வீட்டை அதுவே காப்பாற்றும்.

கடைசியாக, என் தப்பு ஒன்றைச் சொல்லணும்.

நான்கு வருஷம் முன்னால் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம். பழையதைக் கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் அடிமாட்டு விலைக்குக் கேட்டார். மனசு வராமல், வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குக் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தி. இரண்டு மாதம் கழித்து மீட்டர் அட்டையோடு வந்தாங்க. "தம்பி, எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் பில்லே வந்ததில்லை. இந்தத் தடவை வந்திருக்கு." தேய்ந்துபோன பழைய ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் எடுத்தாலே இரண்டு மாதத்துக்கு 120. அவங்களோட இலவச 100 யூனிட்டையும் நான் கொடுத்த ஃபிரிட்ஜ் குடித்துவிட்டது. என் வீட்டு பில் குறைந்தது. குறைந்ததில் ஒரு பகுதி அவங்க வீட்டுக்குப் போயிருந்தது.

அந்த ஃபிரிட்ஜைத் திரும்ப எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டேன். அவங்களுக்குச் சின்னதாக ஒரு புது ஃபிரிட்ஜ், பாதிப் பணம் நான், பாதி அவங்க. கடையில் லேபிளில் இருந்த யூனிட்டை ஆறால் வகுத்து, மீதி கரண்ட்டுக்கு ஃபேன் எவ்வளவு, லைட் எவ்வளவு என்று அவங்களே விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தாங்க. மேல்மடைக்காரன் தண்ணீரை வீணாக்கினால் கடைமடை காயும் என்று நமக்குத் தெரியும். இனி பழைய ஃபேனையோ ஃபிரிட்ஜையோ யாருக்காவது கொடுப்பதற்கு முன்னால், அது அவங்க மீட்டரில் எவ்வளவு ஓட்டும் என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க.