ஒரு கணினி, பல பங்காளிகள்

பழைய யுனிக்ஸில் நினைவகத்துக்கு வரம்பு வைக்கலாம். ஆனால் அது ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. ஒரு ஜிபி வரம்புள்ள நிரல் நூறு பிள்ளைகளைப் பெற்றால், அந்தப் பிள்ளைகள் மட்டுமே சேர்ந்து நூறு ஜிபி வரை கேட்கலாம். குடும்பக் கணக்கு யாரிடமும் இல்லை.

ஒரே இயந்திரத்தில் பல வேலைகளை நெருக்கி ஓட்டிய கூகுளுக்கு இது பெரிய தலைவலி. 2006இல் அங்கிருந்த பால் மெனேஜ், ரோகித் சேத் இருவரும் தீர்வு தேடத் தொடங்கினர். அதன் விளைவே, ப்ராசஸ்களைக் குழுவாகச் சேர்த்துக் கணக்கு வைக்கும் சிகுரூப்; 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24 கெர்னலோடு வெளிவந்தது.

அதன் எளிமை அழகானது. ஒரு டைரக்டரியை உருவாக்கினால் குழு பிறந்துவிடும். அங்குள்ள கோப்பில் ப்ராசஸின் எண்ணை எழுதினால் அது குழுவில் சேரும்; அதன்பின் பிறக்கும் பிள்ளைகளும் அதே குழுதான். நினைவக வரம்பைத் தாண்டினால், கெர்னல் முதலில் பக்கங்களை மீட்கப் பார்க்கும். முடியாவிட்டால் அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரு ப்ராசஸைக் கொல்லும். பக்கத்துக் குழு பிழைக்கும். 2013இல் வந்த கண்டெய்னர் கருவியான டாக்கர் நின்றது இந்த அடித்தளத்தின்மீதுதான்.

ஆனால் முதல் வடிவமைப்பில் உண்மையான கோளாறு இருந்தது. சிபியூவுக்குக் குழுக்களின் ஒரு மரம், நினைவகத்துக்கு வேறொரு மரம் என்று தனித்தனியே வளர்க்க முடிந்ததால், நினைவகத்தில் தேங்கிப் பிறகு வட்டுக்குப் போகும் தரவு எந்தக் குழுவின் கணக்கு என்று சொல்ல முடியவில்லை. தேஜுன் ஹியோ முன்நின்று எல்லாவற்றையும் ஒரே மரமாக்கினார். அந்த இரண்டாம் பதிப்பு 2016இல் கெர்னல் 4.5இல் அதிகாரபூர்வமானது.

மாற்றம் மெதுவாகவே நடந்தது. 2019இல் லினக்ஸ் விநியோகமான ஃபெடோரா 31 இரண்டாம் பதிப்பை இயல்புத் தேர்வாக்கியது; கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் 2022இல்தான் அதற்கு நிலையான ஆதரவை அறிவித்தது.