பெரியப்பாவின் செருப்பும் திருமணி ஆஸ்பத்திரியும்

உத்திரமேரூர்னு சொன்னாலே எல்லாரும் குடவோலைக் கல்வெட்டைப் பத்திதான் கேட்பாங்க. இந்தப் பதிவு கால் பற்றியது.

போன சித்திரையில் எங்க பெரியப்பா கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். வலது செருப்பு வழியிலேயே கழன்று விழுந்திருக்கு. அவருக்குத் தெரியலை. ஒரு பையன் எடுத்துக்கிட்டுப் பின்னாடியே ஓடி வந்தான். மத்தியான வெயில், தார் ரோடு. உள்ளங்காலில் பெரிய கொப்புளம். "வலிக்கவே இல்லடா"ன்னார். வயசு 74. சர்க்கரை 20 வருஷமா இருக்கு.

இப்படி மரத்துப்போன காலைக் காப்பாற்றும் வித்தையை மருத்துவம் பெரும்பாலும் தொழுநோயாளிகளிடம்தான் கற்றுக்கொண்டது. அந்தக் கதையின் ஒரு முக்கியமான நாள், எங்க ஊரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் நடந்தது.

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பிறந்தவர், மிஷனரி வீட்டுப் பிள்ளை. லண்டனில் படித்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். அடுத்த வருஷம், செங்கல்பட்டை ஒட்டிய திருமணியில் ராபர்ட் காக்ரேன் பொறுப்பிலிருந்த தொழுநோய் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போனார். விரல் மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்து, அழுத்துங்க என்றார். பிடி இரும்பு மாதிரி இருந்தது. வலித்தது பிராண்டுக்கு, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே அந்த மனுஷருக்குத் தெரியவில்லை.

நோய்தான் சதையை அரிக்கிறது என்று அதுவரை நம்பினார்கள். வேலூரில் பிராண்ட் பார்த்தது வேறு: வலி தெரியாததால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது. (தூக்கத்தில் எலி விரலைக் கடித்தாலும் தெரியாது. அதனால் நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள்!) மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பினால் புண் ஆறியது. 1966ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், அதே முறையைச் சர்க்கரைப் புண்ணுக்கும் கொண்டுபோனார்.

ஆனால் நரம்பு ஏன் சாகிறது? இங்கேதான் இரண்டு நோயும் பிரிகின்றன. 2017ல் லலிதா ராமகிருஷ்ணன் (நோபல் பரிசு வாங்கிய வெங்கியின் தங்கை) பங்கெடுத்த குழு, மீன் குஞ்சுகளில் ஒன்றைக் கண்டது. தொழுநோய்க் கிருமியோடு மோதும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் செல்கள் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அது பக்கத்திலிருக்கும் நரம்பையே கெடுக்கிறது.

சர்க்கரையிலும் இதே கதைதான்னு நினைச்சிருந்தேன். 2025ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு நேர்மாறாகச் சொல்கிறது. கொழுப்பும் இனிப்பும் ஊட்டிய எலிகளில், உணர்விழைகள் அழியும் முன்பே மேக்ரோஃபேஜ்கள் நரம்புக்குள் வந்து சேர்கின்றன. அவற்றை வரவிடாமல் தடுத்தால் இழைகள் இன்னும் சீக்கிரம் அழிகின்றன. அதாவது, வந்தவை காக்க வந்தவை. வயதான எலிகளில் சிதைந்த நரம்புக் குப்பையை அகற்றும் வேலை மந்தமாகிறது என்பதும் தெரிந்த விஷயம். இரண்டையும் சேர்த்தால் பெரியப்பா வயதுக்காரர்களுக்கு அடி இரட்டிப்பு என்பது என் ஊகம். எலியும் மனுஷனும் ஒன்றில்லைதான்.

பாதத்தில் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையும் கார்வில் வழியாக வந்ததுதான். கொப்புளம் ஆறியதும் பெரியப்பாவைக் கூட்டிப்போனேன். கண்ணை மூடிக்குங்க, இழை பட்டா சொல்லுங்க என்றார் டாக்டர்.

கொஞ்ச நேரம் கழித்து, "தொடுங்க டாக்டர்" என்றார் பெரியப்பா. அதற்குள் மூன்று இடத்தில் தொட்டாகிவிட்டது.