நானுஓயாவின் நீரும் வீட்டு மின்மானியும்

நானுஓயாப் புகையிரத நிலையத்துக்கும் நுவரெலியா நகருக்கும் இடையே, பிளாக்பூல் என்னுமிடத்தில், ஒரு சிறு நீர்மின்னிலையம் உண்டு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912ஆம் ஆண்டளவில் அதனை அமைத்தார். தேசாதிபதி கிரெகரி 1873இல் உண்டாக்கிய ஏரியின் நீர் சுரங்கவழியே அங்குக் கொணரப்பட்டது. நகர் ஒளி பெற்றது. சுற்றியிருந்த தோட்ட லயங்களிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே தொடர்ந்து எரிந்தது.

விலைக்கு விற்கும் பொருளுக்கு அளவு வேண்டும். நெல்லுக்கு மரக்கால் உண்டு; எண்ணெய்க்குப் போத்தல் உண்டு. கண்ணுக்குத் தோன்றாத மின்னை எதனால் அளப்பது? மேல்நாடுகளில் முதலில் விளக்குகளை எண்ணியே பணம் பெற்றனர். இரவெல்லாம் எரித்தவனும் ஒரு நாழிகை எரித்தவனும் ஒன்றே செலுத்தினர். 1880களில் எடிசன் ஒரு கருவி செய்தார். மின்னோட்டத்தின் சிறு பகுதி கரைசலொன்றினூடே செல்ல, ஒரு நாகத்தகடு தேய்ந்து மற்றையது தடிக்கும். தகட்டை மாதந்தோறும் நிறுத்துக் கணக்கெழுதுவர். குளிரிற் கரைசல் உறையாதிருக்கப் பெட்டிக்குள் ஒரு விளக்கும் எரிந்தது. அளக்க வந்த கருவியே மின்னை உண்டது! வீட்டார்க்குக் கணக்கைச் சரிபார்க்க வழியில்லை. கொம்பனி சொன்னதே முடிவு.

அக்குறையை நீக்கியது சுழல்தட்டு மின்மானி. ஆடலோட்ட மின்னுக்கென ஹங்கேரி நாட்டுப் பிளாதி 1889இல் அதற்கு உரிமம் பெற்றார். அதனுள் இரு கம்பிச்சுருள்கள் உள. ஒன்று மின்னழுத்தத்துக்கும் மற்றையது ஓட்டத்துக்கும் இசையும். இரண்டும் கூடி அலுமினியத் தட்டைச் சுழற்ற, நிலைக்காந்தம் ஒன்று தடுத்து, வேகத்தை வலுவுக்கு நேர்விகிதமாக்கும். சுற்றுக்களைப் பற்சில்லுகள் எண்ணும். 40 வாற்று விளக்கு 25 மணிநேரம் எரியின் ஒரு கிலோவாற்று மணி, அதாவது ஓரலகு. வாசலில் நின்று எவரும் அவ்விலக்கத்தை வாசிக்கலாம்.

1950இல் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்கிற்று. மலையகத்து நீர் விழ, மின்கம்பி கொழும்பு நோக்கிச் சென்றது. லயங்களுக்கு ஒளி எட்டப் பின்னும் பல பத்தாண்டுகள் சென்றன. எட்டியபோதும், மின்மானி யார் பெயரில் என்னும் வினா நின்றது. லய அறையும் அதன் நிலமும் தோட்டத்துக்குரியன. தனி முகவரியும் அரிது. கடிதங்களும் தோட்ட அலுவலகம் வழியே வந்தன.

இது வெறும் மானப்பிரச்சினை அன்று. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது; முதல் 30 அலகுக்கு விலை குறைவு, மேலே செல்லச் செல்ல ஏறும். ஓர் அறைக்கு மாதம் 20 அலகு எனக் கொள்வோம். தனி மின்மானி உளதேல் அக்குடும்பம் முதற்படியிலேயே நிற்கும். பன்னிரண்டு அறைகளுக்கு ஒரே மின்மானியெனின் அது 240 அலகு காட்டும். செல்வர் மாளிகைக்குரிய விலை சிறு அறைகளின்மேல் விழும். கருவி பிழை செய்யவில்லை. பன்னிரண்டு வீடுகளை ஒன்றென்று கொண்டதே பிழை. அத்தொகையைப் பின்னர் அறைக்கு அறை சமமாகப் பங்கிடின், ஒரு விளக்கு மட்டும் எரித்தவளும் மின்னடுப்பு வைத்தவளும், மின்மானி தோன்றுமுன் இருந்தது போலவே, ஒன்றே செலுத்துவர்.