கடைசி வரிசைக்கும் கேட்கட்டும்!

"கேட்டதா?" என்று வினவுகிறார் ஆசிரியர். "கேட்டது ஐயா!" என்று ஒரே குரலாய் முழங்குகிறது வகுப்பு. முன் வரிசைக்குக் கேட்டது மெய். கடைசி வரிசைக்குக் கேட்டது என்ன? பாதி சொல், பாதி மின்விசிறியின் இரைச்சல். ஆயினும் அங்கே அமர்ந்திருப்பவனும் "கேட்டது" என்றே சொல்கிறான். கேட்கவில்லை என்று எழுந்து நின்று சொல்லும் துணிவு, கடைசி வரிசைக்கு இந்நாட்டில் எளிதில் வந்ததில்லை. ஏன் வரவில்லை? அதற்கோர் நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றையும், அதைத் திருத்த உதவும் ஒரு சிறு கருவியையும் எண்ணிப் பார்ப்போம்.

செவிக்கும் பூட்டு!

கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், கல்லாமைக்கு ஒன்று வகுத்து, அதையடுத்துக் கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஏடு எடுக்க வாய்ப்பற்றவனும் செவி வழியே அறிவு பெறலாம் என்று வாயிலைத் திறந்து வைத்தது குறள். தரும சாத்திரமோ அந்த வாயிலையும் அடைத்தது. சூத்திரன் வேதத்தை வேண்டுமென்றே கேட்பானாயின் அவன் காதில் வெள்ளீயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்றுக என்கிறது கௌதம தர்ம சூத்திரத்தின் பன்னிரண்டாம் அத்தியாயம். எழுதியவன் கைக்கு நடுக்கமில்லை; ஏற்றுக்கொண்ட சமூகத்திற்கு நாணமில்லை!

ஈயம் காய்ச்சும் காலம் போயிற்று. ஆனால் தொலைவு என்னும் தண்டனை நின்றது. சாதாராவில் பள்ளி சென்ற சிறுவன் அம்பேத்கர், வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத் துண்டின்மேல் தனியே ஒரு மூலையில் அமர்ந்தான். அந்த மூலைக்கு ஆசிரியரின் குரல் எவ்வளவு எட்டியது என்று யார் கவலைப்பட்டார்கள்? எட்ட உட்கார வைத்தல் என்பது, எட்டாமற் செய்தலின் மறுபெயர்தானே! சென்னையில் 1894ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கெனக் கர்னல் ஆல்காட் தனிப்பள்ளி திறக்க வேண்டி வந்ததும், பொதுப்பள்ளியின் திண்ணையில் அவர்களுக்கு இடமில்லாத கொடுமையாலன்றோ?

மனிதனே ஒலிபெருக்கி

பொறி பிறக்குமுன் மனிதத் தொண்டையே பொறியாயிருந்தது. விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பாரதக் கூத்து ஆடும் வயல்வெளிகளில், விடிய விடிய, ஆயிரம் பேருக்குக் கேட்கப் பாடினார்கள் கூத்தர்கள். முன்னே நிற்பவன் ஓர் அடி பாடுவான். பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். முதல் முறை தவறவிட்டவன் இரண்டாம் முறை பிடித்துக்கொள்வான். அக்கதையின் மூடத்தனத்தை நாம் மறுக்கிறோம். அக்கலைஞனின் தொண்டைக்குத் தலை வணங்குகிறோம். நாடக மேடையிலே கிட்டப்பா உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்றதும், கடைசி வரிசைக் காசுக்கும் பாட்டுச் சேர வேண்டுமென்ற தேவையால்தான்.

நம் திண்ணைப் பள்ளியிலும் இதே முறை இருந்தது. ஆசான் சொல்வார்; சட்டாம்பிள்ளை வாங்கிச் சொல்வான்; மற்றவர்கள் மணலில் எழுதியபடி முழங்குவார்கள். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டார். மூத்த பிள்ளைகளைக் கொண்டு இளையோருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் வகுத்தார். 1797இல் இலண்டனில் அதை நூலாக்கினார். "சென்னை முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவிற்று. ஓர் ஆசிரியர், நூற்றுக்கணக்கான மாணவர்! ஆள்வோருக்கு அது இனித்தது. ஏன்? செலவு குறைவு. இந்தக் "குறைவு" என்ற சொல்லை நினைவில் வையுங்கள், தோழர்களே! பின்னர் அதற்கு வருவோம்.

பொறி பிறந்த கதை

1906இல் அமெரிக்கர் லீ டி பாரசுட்டு ஆக்கிய மூன்று முனைக் குழல், மெலிந்த மின்னலையை வலுப்படுத்தும் வழியைப் பின்னர்த் திறந்தது. 1915இல் கலிபோர்னியாவில் சென்சன், பிரிதாம் என்னும் இருவர், பெருங்கூட்டத்திற்குக் குரலைக் கொண்டு சேர்க்கும் கூம்புக் கருவியை இயக்கிக் காட்டினர். 1919 செப்டம்பரில் சான்டியாகோ நகரில், கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று பேசிய அதிபர் வில்சனின் குரல் ஏறத்தாழ 50,000 பேரைச் சென்றடைந்தது. 1925இல் ரைசு, கெல்லாகு இருவரும் அசையும் கம்பிச் சுருளும் காகிதக் கூம்பும் கொண்ட ஒலிபெருக்கியை விளக்கி எழுதினர். இன்று நம் தெருக்கடைப் பெட்டிக்குள்ளே துடிப்பதும் அதன் வழித்தோன்றலே.

சென்னையும் பின்தங்கிவிடவில்லை. 1924இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருளின்றி 1927இல் ஓய்ந்தது. அதன் கருவிகளைப் பெற்ற மாநகராட்சி 1930இல் தானே ஒலிபரப்பிற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகள் நின்றன. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும் ஒலித்தன. 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறக்கும்வரை அப்பணி நடந்தது. எண்ணிப் பாருங்கள்! நாட்டில் ஒலிபெருக்கி அரும்பொருளாயிருந்த நாளிலேயே, ஏழைப் பிள்ளையின் பள்ளிக்கு அதைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்திருக்கிறது ஒரு நகராட்சி. பிறகு ஊர்தோறும் பஞ்சாயத்து வானொலி வந்தது. பூங்கா மேடையின் குழாய், செய்தியை எழுத்தறியாதவன் செவிக்கும் பங்கிட்டது.

நுரையீரலின் ஆதிக்கம் வீழ்ந்தது

ஒலிபெருக்கி இல்லாத மேடையில் வெண்கலக் குரலுக்கே ஆட்சி. கருத்து எத்துணைக் கூரியதாயினும் தொண்டை மெலிந்தவன் தோற்பான். மைக் வந்தது, அந்த ஆதிக்கம் வீழ்ந்தது! கரகரத்த குரலுடைய அண்ணா, அடுக்கிய சொற்களை அடக்கிய தொனியில் கூறிக் கடலனைய கூட்டத்தைக் கட்டிப்போட்டார். 1973 டிசம்பர் 19இல், சென்னைத் தியாகராயநகரில், 94 வயதுப் பெரியார் நோயின் வலியோடு தம் இறுதிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். தளர்ந்த முதியவரின் குரல் கூட்டத்தின் விளிம்புவரை சென்றது. கத்த வேண்டியதில்லை, கருத்து இருந்தால் போதும் என்று காட்டியது கருவி.

ஆயினும் கருவியே எல்லாம் செய்துவிடாது. சமத்துவம் முழங்கிய மேடைகள் மலிந்த நம் மாவட்டத்திலேதான், 1978 சூலையில், விழுப்புரம் நகரில் ஒடுக்கப்பட்ட மக்கள் 12 பேர் கொல்லப்பட்டனர். மேடையில் ஒலித்தது தெருவில் ஏறவில்லை. பெரியவன் செவி பழகிப் போனது. பிஞ்சுச் செவியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதே அந்தக் குருதி கற்பிக்கும் பாடம்.

ஆனால் மைக் எங்கே போயிற்று? கோவிலுக்குப் போயிற்று. காதுகுத்துக்கும் கலியாணத்துக்கும் போயிற்று. ஆடி மாதம் வந்தால் வேப்பமரத்துக் கிளைதோறும் குழாய் பூக்கிறது! தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அமர்கிறான். சென்னையில் ஒரு சபையின் வழிபாட்டு இரைச்சல் குறித்து எழுந்த வழக்கில், 2000 ஆகஸ்டு 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒலிபெருக்கி வைத்துத்தான் வழிபட வேண்டுமென எந்த மதமும் விதிக்கவில்லை என்று. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள், பள்ளியைச் சுற்றி 100 மீட்டரை அமைதிப் பகுதியாக்க வழி செய்தன. எங்கும் நிறைந்த கடவுளுக்குக் குழாய் வைக்கிறார்கள். எட்ட அமர்ந்த குழந்தைக்கு ஒரு சிறு பெட்டி வைக்க மறந்தார்கள்!

வகுப்பறைக்கு எதற்கு?

சிலர் கேட்கலாம்: "நாங்கள் எல்லாம் மைக் வைத்தா படித்தோம்?" கணக்கைப் பாருங்கள். இயல்பாகப் பேசும் மனிதக் குரல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபல். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் தேயும். எட்டு மீட்டரில் எஞ்சுவது 42. அறைச்சுவர்கள் சிறிது திருப்பித் தரும். ஆனால் திருப்பித் தருவது எதிரொலியாய்க் குழம்பி வரும். இரைச்சலைவிடக் குரல் 15 டெசிபலாவது ஓங்கியிருந்தால்தான் குழந்தைக்குச் சொல் தெளியும் என்பது ஒலியியலார் கணிப்பு. திருச்சி நெடுஞ்சாலையோரப் பள்ளியில், பேருந்தின் ஒலிப்பானும், தகரக் கூரைமேல் ஐப்பசி மழையும், கடகடக்கும் விசிறியும் கூடினால் அந்த 42 என்னாவது?

பெரியவன் விட்டுப்போன சொல்லை ஊகித்து நிரப்பிக்கொள்வான். சொற்களையே இப்போதுதான் சேர்க்கும் குழந்தை எதைக் கொண்டு நிரப்பும்? அதிலும் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று, நூலில் படிக்கும் தமிழ் ஒன்று. முதல் தலைமுறையாகப் பள்ளிப்படி ஏறிய பிள்ளைக்கு ஒவ்வொரு சொல்லும் புதிது. உயிரொலி தொலைவு செல்லும். மெல்லிய மெய்யொலிகளே முதலில் தேயும். "வலி"யா, "வளி"யா, "வழி"யா? கேட்காதவன் தவறாக எழுதுகிறான். ஆசிரியர் சிவப்பு மை ஊற்றுகிறார். "மண்டையில் ஏறவில்லை" என்று பட்டமும் சூட்டுகிறார். காதில் ஏறாதது மண்டையில் எப்படி ஏறும்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1970களின் இறுதியில் சார்ஃப் என்பாரும் துணைவரும் இதை ஆய்ந்தனர். சிறிய செவிக்குறையும் படிப்பில் பின்தங்கலும் உடைய பிள்ளைகளைத் தனி அறைக்குப் பிரித்துக் கற்பிப்பது ஒரு வழி. பொது வகுப்பிலேயே ஒலிபெருக்கி வைப்பது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் பிள்ளைகள் நன்கு முன்னேறினர், செலவும் குறைந்தது. பிரிக்காமலே உயர்த்தலாம் என்று காட்டிய ஆய்வு அது. பிரித்தே வைத்துப் பழகிய நாட்டுக்கு இதைவிடத் தக்க பாடம் எது?

ஆசிரியர் தொண்டையையும் நினைக்க வேண்டும். 2004இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாழ்நாளில் குரல் கோளாறு கண்டோர் ஆசிரியரில் 57.7 விழுக்காடு, மற்றவரில் 28.8 விழுக்காடு. மென்குரல் கொண்ட இளம் ஆசிரியை, அறிவிருந்தும், அன்பிருந்தும், கத்தத் தெரியாததால் "வகுப்பைக் கட்டியாளத் தெரியாதவர்" என்று பெயர் வாங்குவது எந்த நீதி?

அமைக்கும் முறை

மேடைக் குழாயை வகுப்பில் மாட்டாதீர். அது திடலுக்கு உரியது. சிறிய அறையில் செவியைக் கிழிக்கும். சிறு ஆம்ப்ளிபையர் ஒன்று, பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டு முதல் நான்கு: இவையே போதும். ஒரு பெரும்பெட்டியை முன்னே வைத்து அலறவிடுவதைவிட, சிறு பெட்டிகளைப் பக்கச் சுவர்களில், அமர்ந்த பிள்ளையின் தலைக்குச் சற்று மேலே, வரிசைகளை நோக்கிச் சாய்த்து மாட்டுதல் நன்று. அப்போது முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் ஒரே அளவு கிடைக்கும். பந்தியில் கடைசி இலைக்கும் அதே சோறு!

மைக் வாயருகே, மாறாத தொலைவில் இருக்க வேண்டும். சட்டையில் செருகுவதோ தலையில் மாட்டுவதோ நலம். எழுதும் கை ஓய்வாயிருக்கும். பெட்டியின் ஒலி மீண்டும் மைக்கில் புகுந்து, பெருகி, மறுபடி புகுந்து சுழல்வதே நாம் கேட்கும் ஊளை. பேயுமல்ல, பிசாசுமல்ல! மைக் பெட்டிக்கு எதிரே போகாதிருந்தால், வாய்க்கு நெருங்கியிருந்தால், அளவைக் குறைத்தால், ஊளை அடங்கும். மின் இணைப்புக்கு மூன்று முனைச் செருகியும் நிலத்தொடர்பும் தவறாது வேண்டும். கூரை ஒழுகும் இடத்திலும் பிள்ளைகளின் காலடியிலும் கம்பி ஓடக்கூடாது.

முதலில் அறையின் இரைச்சலைக் குறையுங்கள். கடகடக்கும் விசிறிக்கு எண்ணெயிடுங்கள், பின்சுவரில் பாயோ தடித்த துணியோ தொங்கவிடுங்கள், எதிரொலி தணியும். எதிரொலிக்கும் அறையில் ஒலியைக் கூட்டினால் குழப்பத்தையே கூட்டுகிறோம். பிறகு சோதனை. ஆம்ப்ளிபையர் அருகில் நின்று திருகாதீர். ஒருவர் கடைசி வரிசையில் போய் அமர்க. விசிறி சுழலட்டும். "வலி, வளி, வழி" என முன்னின்றவர் கூற, பின்னிருந்தவர் எழுதட்டும். பிழையின்றி எழுதினால் அளவு சரி. உரத்துக் கேட்பது அளவுகோலாகாது. தெளிந்து கேட்பதே அளவுகோல்.

எச்சரிக்கை ஒன்று

பெல் பாதிரியாரின் "குறைந்த செலவை" நினைவில் வைக்கச் சொன்னேன். "மைக் இருக்கிறதே, நூறு பேரை ஓர் அறையில் அடைக்கலாமே" என்று எவரேனும் கணக்குப் போட்டால், அக்கணக்கைக் கிழித்தெறிய வேண்டியது நம் கடமை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி"யும் சிறு குழுக்களையே நம்பிற்று. கருவி ஆசிரியருக்குத் துணை, ஆசிரியருக்கு மாற்றாகாது.

மற்றொன்று. மைக் ஆசிரியர் கையிலேயே தங்கிவிடுமானால், அது புதுப் பிரம்பாகிவிடும். இரண்டாவது மைக் ஒன்று வரிசை வரிசையாகச் செல்லட்டும். மூலையில் அமர்ந்த பிள்ளை அதைக் கையிலெடுத்து, "ஐயா, கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள்" என்று கூறட்டும். அவன் குரல் முன் வரிசையின் செவியில் முதன்முறையாகத் தெளிவாக விழட்டும்.

இளைஞர்களே! உங்கள் ஊரில் மைக்செட் வைத்திருக்கும் தோழர் இருப்பார். மன்றத்திலே சிறு நிதி இருக்கும். பழைய மாணவர் கழகம் இருக்கும். இந்த ஆண்டுக் கூட்டத்தில் ஒரு கூம்பைக் குறைத்து, உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு வகுப்பறைக்குப் பெட்டி மாட்டித் தாருங்கள். மாட்டியபின் ஒருநாள் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்து பாருங்கள். ஈயம் ஊற்றச் சொன்னவர்களுக்கு, தெளிவாகக் கேட்கும் ஒரு பிள்ளையின் செவியே நாம் தரும் விடை.