பேஸ் கிட்டார்: கேட்டோம், பெயர் கேட்கவில்லை

பென்ரோஸ் என்றதும் ஆக்லாந்துக்காரர்களுக்கு நினைவு வருவது கிடங்குகள், பட்டறைகள், லாரிகள் ஓடும் கிரேட் சவுத் ரோடு, மவுண்ட் ஸ்மார்ட் அரங்கம். இங்கே உட்கார்ந்து பழைய பாணி பேஸ் கிட்டாரில் இளையராஜா பாடல்களைப் பழகுகிறேன் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். ஆனால் இந்த நான்கு கம்பிக் கருவியின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் கலிபோர்னியா, டெட்ராய்ட், சென்னை, ஆக்லாந்து எல்லாம் ஒரே கதைக்குள் வந்துவிடுகின்றன. அந்தக் கதையில் நமக்கும் ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

முதலில் கருவியைப் பற்றி. சாதாரணக் கிட்டாரில் ஆறு கம்பி, பேஸ் கிட்டாரில் நான்கு. சுரம் ஒரு ஸ்தாயி கீழே. மிகத் தடித்த கம்பியை அழுத்தாமல் மீட்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை வைத்து எழுப்பும் ஆழமான நாதம் உங்களுக்குத் தெரியும். தம்புரா விடாமல் சுருதி பிடிப்பதும் தெரியும். தொப்பி தாளத்தைச் சொல்கிறது, தம்புரா சுருதியைச் சொல்கிறது. பேஸ் கிட்டார் இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டு, பாட்டுக்கு அடியில் நடந்துகொண்டே இருக்கும்.

ரேடியோ பழுதுபார்த்தவர் செய்த கருவி

முன்பெல்லாம் இந்த வேலையை ஆளுயர டபுள் பேஸ் செய்தது. தூக்கிச் செல்வது கஷ்டம், மற்ற வாத்தியங்களின் சத்தத்தில் அது காணாமல் போய்விடும். 1930களிலேயே அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் ஒன்றைச் செய்தார், அது பரவவில்லை. 1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் தன்னுடையதை வெளியிட்டார். அவர் ரேடியோ பழுதுபார்த்தவர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். டபுள் பேஸின் கழுத்தில் கட்டைகள் இல்லை, சுரத்தைக் காதால்தான் பிடிக்க வேண்டும். ஃபெண்டர் கழுத்தில் உலோகக் கட்டைகளைப் பதித்தார். விரலை வைத்தால் சுரம் துல்லியமாக விழும். அதனால்தான் அதற்குத் துல்லியம் என்ற பொருளில் ‘பிரெசிஷன் பேஸ்’ என்று பெயர் வைத்தார். 34 அங்குலக் கம்பி நீளத்தையும் அவர்தான் நிலைநிறுத்தினார். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களுக்கு அதே அளவுதான்.

1957இல் அந்தக் கருவியின் பிக்கப்பை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்தான் பிக்கப். இரண்டு துண்டுகளையும் எதிரெதிராகச் சுற்றியதால் மின்கம்பிகளிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொண்டது. 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது.

1965இல் ஃபெண்டர் தன் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற பெரும் நிறுவனத்துக்கு விற்றார். அதன்பின் தரம் குறைந்துவிட்டது என்று வாசிப்பவர்கள் பலர் நினைத்தார்கள். 1965க்கு முந்தைய கருவிகளின் விலை ஏறியது. கடைசியில் 1982இல் ஃபெண்டர் நிறுவனமே 1957, 1962 மாதிரிகளைப் பழைய அளவுகளின்படி மறுபடி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் மட்டுமல்லாமல் ஜப்பானிலும் செய்தது. இன்று ‘விண்டேஜ் பாணி’ என்று கடையில் தொங்குவதெல்லாம் இந்த வழியில் வந்தவைதான்.

என்னிடம் இருப்பதும் 1962 மாதிரியைப் பின்பற்றியதுதான். விரற்பலகை இன்றைய கருவிகளைவிட அதிகம் வளைந்திருக்கும், கட்டைகள் மெலிந்திருக்கும். தட்டையான உலோக நாடா சுற்றிய கம்பி போட்டிருக்கிறேன். அது வழவழவென்று இருக்கும்; ஒலி பளிச்சென்று இருக்காது. அழுத்தமாக எழுந்து சீக்கிரம் அடங்கிவிடும். தனியாகக் கேட்டால் மங்கலாகத் தோன்றும். பாட்டோடு சேர்த்துக் கேட்டால் தன் இடத்தில் சரியாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒற்றை விரல்

அந்த ஒலியை உலகுக்குப் பழக்கியவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1960களில் டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனம் வெளியிட்ட வெற்றிப் பாடல்களில் மிகப் பலவற்றில் பேஸ் வாசித்தவர். அவருடையது 1962 பிரெசிஷன் பேஸ், தட்டைச் சுற்றுக் கம்பிகள். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே மீட்டினார். கோடிக்கணக்கான பேர் அந்த விரலைக் கேட்டார்கள். ஆனால் இசைத்தட்டு உறைகளில் பாடகர் பெயர்தான் இருந்தது. 1971இல் மார்வின் கேயின் இசைத்தொகுப்பு ஒன்றின் உறையில்தான் வாசித்தவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் வந்தது. 1983இல் இறந்தார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2000இல்.

உரிமம் இருந்தால்தான் கிட்டார்

இதே காலத்தில் நியூசிலாந்தில் ஒரு இளைஞர் ஃபெண்டர் பேஸ் வாங்க ஆசைப்பட்டால்? எளிதில் முடியாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் 1938இல் இங்கே இறக்குமதி உரிம முறை வந்தது. பல பத்தாண்டுகள் அது நீடித்தது. வெளியிலிருந்து வராத பொருளை இங்கேயே செய்தார்கள். பென்ரோஸ் போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் பெருகியதும் அந்தப் பாதுகாப்பு இருந்த காலத்தில்தான். இசைக்கருவியிலும் அதுவே நடந்தது. ஆக்லாந்தின் ஜேன்சன் நிறுவனம் மின்கிட்டார்களும் பேஸ் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபையர்களும் செய்தது. 1960களின் நியூசிலாந்து இசைக்குழுக்கள் பல அவற்றை வைத்துத்தான் மேடை ஏறின.

நம் பெற்றோரின் ஊர்களிலும் நிலைமை இதுதான். இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் 1991 வரை இறுக்கமாக இருந்தன. கொல்கத்தாவில் செய்த கிவ்சன் கிட்டார்களில்தான் ஏராளமானவர்கள் பழகினார்கள். இலங்கையில் 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. ஆனாலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ.மனோகரன் போன்றவர்களின் தமிழ் பொப்பிசை வளர்ந்து மேடைகளை நிறைத்தது அந்தப் பத்தாண்டில்தான். கருவி கிடைப்பது அரிது, வாசிக்கும் ஆசை மட்டும் குறையவில்லை.

சென்னையின் நான்கு கம்பி

1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. அதன் இசையமைப்பாளர் இளையராஜா அதற்கு முன் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து கிட்டார் வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் என்ன வாசிக்க வேண்டும் என்று அவரே மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதித் தருவார். பேஸ் கிட்டாருக்கும் அப்படித்தான். அதனால் அவர் பாடல்களில் பேஸ் வெறுமனே தாளத்துக்கு ஒத்து ஊதுவதில்லை. பாடகரின் மெட்டு ஒரு வழியில் போனால் பேஸ் தனக்கென்று இன்னொரு மெட்டைப் பிடித்துக்கொண்டு அடியில் போகும். 1986இல் தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணமாக ஒரு இசைத்தொகுப்பு வெளியிட்டவர் அவர். இரண்டு மெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடும் பாஹின் வித்தையைச் சினிமாப் பாட்டின் பேஸில் கேட்கலாம்.

அந்தப் பேஸை ஆண்டுக்கணக்காக வாசித்தவர் சசிதரன். ‘மௌன ராகம்’ (1986) படத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாடல்களை ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். ஒரு முறை குரலை விட்டுவிட்டு அடியில் ஓடுவதை மட்டும் பின்தொடருங்கள். அது தனியாகவே ஒரு பாட்டு. நான் பழகிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்: சுரங்களைப் பிடித்துவிடலாம். எந்தச் சுரத்தை எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு நேரம் ஒலிக்கவிட வேண்டும் என்பதுதான் மாதக்கணக்கில் கைக்கு வராது.

சின்ன ஸ்பீக்கர், பெரிய ரகசியம்

நம் அப்பா அம்மாக்கள் இந்தப் பாடல்களைப் பெரும்பாலும் ட்ரான்சிஸ்டரிலும் பதிவு செய்த கேசட்டிலும் கேட்டவர்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரால் 41 அதிர்வை எழுப்ப முடியாது. அடிச்சுரம் காற்றில் வரவே வராது. ஆனால் அதனோடு எழும் மேற்சுரங்கள் வரும். அவற்றை வைத்து மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். இது கேள்வியியலில் நன்கு தெரிந்த விஷயம். ஆக, வராத சுரத்தையும் அவர்கள் ஒருவிதத்தில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் கேசட் உறையில் படம், இசையமைப்பாளர், பாடகர்கள், பாடலாசிரியர் பெயர்கள்தான் இருந்தன. பேஸ் வாசித்தவர் பெயர் இருக்காது. வயலின், தபேலா, புல்லாங்குழல் வாசித்தவர்களின் பெயரும் இருக்காது.

1990களில் ஏ.ஆர்.ரஹ்மான் தன் கேசட், சிடி உறைகளில் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிடத் தொடங்கினார். அவருடைய பல பாடல்களில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸின் பெயர் ரசிகர்களுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். ஒரு துண்டுக் காகிதம் எவ்வளவு செய்யும் என்பதற்கு இது சாட்சி.

நம் பங்கு

பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் பழைய குடிவரவு முறையை நியூசிலாந்து 1980களின் பிற்பாதியில் கைவிட்டது. அதன்பிறகே இங்கே தமிழ்க் குடும்பங்கள் பெருகின. இறக்குமதித் தடைகள் தளர்ந்ததும் அந்தக் காலத்தில்தான். அதனால் நமக்குக் கருவி கிடைக்கிறது, நல்ல ஹெட்ஃபோன் கிடைக்கிறது, பாட்டைத் துண்டு துண்டாக்கிக் கேட்கும் வசதியும் இருக்கிறது. அப்பா ஐந்நூறு முறை கேட்ட பாட்டில் அவருக்குச் சரியாகக் கேட்காத ஒன்று நமக்குத் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் இப்போது பாட்டு ஃபோனில் வருகிறது, உறையே இல்லை. பெயர் மறுபடியும் மறைகிறது. வாசித்தவர்களுக்கு வயதாகிவிட்டது, சிலர் போய்விட்டார்கள். கேட்டு எழுதி வைக்காவிட்டால் அடுத்த தலைமுறைக்கு எதுவும் மிஞ்சாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பொங்கல் விழாவிலோ கலைவிழாவிலோ ஒரு பழைய பாட்டை வாசிக்கப் போகிறீர்களா? இசையமைப்பாளர், பாடகர் பெயர்களோடு, முதலில் அந்த வாத்தியத்தை வாசித்தவர் யார் என்று தேடிப் பார்த்து அந்தப் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். பேஸ் வாசிப்பவராக இருந்தால் சசிதரன் என்ற பெயரிலிருந்து தொடங்கலாம்.