மீஸான் இல்லாத கப்றும் ஒரு பழைய பதிவேடும்



நூற்றைம்பது வருடங்களுக்கு முன் லண்டனில் இறந்துபோன ஒரு ஏழைக் கூலித் தொழிலாளி எங்கே அடக்கப்பட்டார் என்று இன்று தேடிக் கண்டுபிடிக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். அவருக்குக் கல் நட்டவர் யாருமில்லை. ஆனால் அன்றைக்கு ஒரு கிளாக்கர் அவருடைய பெயரைப் பதிவேட்டில் எழுதினார். இன்று அவருடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவரைத் தேடி வருகிறார்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1801இல் லண்டனின் சனத்தொகை சுமார் 10 இலட்சம். 1851இல் அது 23 இலட்சத்தையும் தாண்டிவிட்டது. இவ்வளவு பேருக்கும் இருந்த அடக்கஸ்தலங்களில் பெரும்பாலானவை பழைய தேவாலய முற்றங்கள். இடமில்லாமல் பழைய எலும்புகளைக் கிளறிவிட்டுப் புதிய பெட்டிகளை இறக்கினார்கள். 1832இல் கொலராவும் வந்து சேர்ந்தது. அந்த வருடமே பாராளுமன்றம் ஒரு தனியார் கம்பனிக்கு நகரத்துக்கு வெளியே மயானம் அமைக்க அனுமதி கொடுத்தது. 1833இல் கென்சல் கிரீன் திறக்கப்பட்டது. பின்னர் நோர்வூட், ஹைகேட், அப்னி பார்க், நன்ஹெட், பிரொம்டன், கடைசியாக 1841இல் டவர் ஹம்லெட்ஸ். எட்டு வருடத்தில் ஏழு பெரிய மயானங்கள். 1852 முதல் வந்த சட்டங்கள் நகரத்துக்குள் இருந்த பழைய முற்றங்களை மூட வழிசெய்தன.

ஹைகேட்டின் அழகான கல்லறைகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவை காசு உள்ளவர்களுடையவை. ஏழைகளுக்குக் கிடைத்தது பொதுக்குழி. ஒரே ஆழமான குழியில் ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பலரை ஒருவர் மேல் ஒருவராக வைப்பார்கள். மேலே கல் கிடையாது. டவர் ஹம்லெட்ஸில் அடக்கப்பட்ட சுமார் 350,000 பேரில் பெரும்பாலானோர் இப்படி அடக்கப்பட்டவர்கள்தான். 1966இல் அது மூடப்பட்டது. இன்று மரமும் செடியும் வளர்ந்த ஒரு பூங்கா அது.

கல்லே இல்லாதவரை எப்படித் தேடுவது? இங்கிலாந்தில் 1837 ஜூலை 1ஆம் திகதி முதல் அரசாங்க மரணப் பதிவு நடக்கிறது. அந்த மரணச் சான்றிதழில் திகதி, வயது, தொழில், இறப்புக்கான காரணம் எல்லாம் இருக்கும். எங்கே அடக்கினார்கள் என்பது மட்டும் இருக்காது. அதனால் அடுத்ததாக குடிசன மதிப்பீட்டைப் பார்க்க வேண்டும். அது 1841 முதல் பெயர்வாரியாக இருக்கிறது. எந்தத் தெருவில் வாழ்ந்தார் என்று தெரிந்தால், அந்தப் பகுதியினர் பயன்படுத்திய மயானத்தை ஊகிக்கலாம். அது பக்கத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. சென்ட் பங்கிராஸ் பகுதிக்காக 1854இல் திறக்கப்பட்ட மயானம் பல மைல் தள்ளி, பின்ச்லியில் இருந்தது.

பிறகுதான் மயானப் பதிவேடு. அது பெயர் வரிசையில் இருக்காது, திகதி வரிசையில் இருக்கும். பெயர், வயது, விலாசம், அடக்கிய திகதி, குழி இலக்கம். இலக்கம் கிடைத்துவிட்டால் அதே குழியில் இருக்கும் மற்றவர்களின் பெயர்களும் கிடைக்கும். ஏழைகள் விடுதியில் இறந்தவருக்கு வீட்டு விலாசத்துக்குப் பதிலாக விடுதியின் பெயரே எழுதப்பட்டிருக்கலாம். யாரும் பொறுப்பேற்காத உடல்களை மருத்துவ மாணவர்களின் படிப்புக்குக் கொடுக்க 1832இன் சட்டம் ஒன்று இடமளித்தது. அப்படியானவர்களின் அடக்கம் வாரக்கணக்கில் பிந்தியும் நடந்தது. ஆகவே இறந்த திகதியோடு தேடலை நிறுத்தக் கூடாது.

பெயரும் நம்மை ஏமாற்றும். இதற்கு நம் சமூகத்தோடு தொடர்புள்ள உதாரணமே இருக்கிறது. லண்டனிலிருந்து ரயிலில் மையித்துகளைக் கொண்டுபோய் அடக்குவதற்காக 1854இல் புரூக்வுட் மயானம் திறக்கப்பட்டது. பிற்காலத்தில் முஸ்லிம்களுக்கும் அங்கே இடம் ஒதுக்கப்பட்டது. குர்ஆனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிக்தாலும் அப்துல்லாஹ் யூசுப் அலியும் அங்கேதான் அடக்கப்பட்டிருக்கிறார்கள். லிவர்பூலில் பள்ளிவாசல் நிறுவிய அப்துல்லாஹ் குவில்லியமும் அங்கேதான். ஆனால் 1932இல் அவர் மௌத்தாகும்போது ஹாரூன் முஸ்தபா லியோன் என்ற பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தார். இது தெரியாமல் குவில்லியம் என்று மட்டும் தேடினால் அவரைத் தவறவிடலாம்.

இப்போது நம்மைப் பற்றி. கப்றை எளிமையாக வைப்பது நம் மார்க்கம். அதேநேரம், உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரழி) அவர்களின் கப்றை அடையாளம் கண்டுகொள்வதற்காக நபி (ஸல்) அவர்கள் தலைமாட்டில் ஒரு கல்லை வைத்ததாக ஹதீஸில் வருகிறது. அடையாளம் வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. 2021இல் நாட்டின் பல பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் ஓட்டமாவடிக்கு வந்தபோது, வாப்பாவின் கப்றைத் தேடும் பிள்ளைக்கு ஒரு இலக்கம் எவ்வளவு பெரிய விடயம் என்பதை நாம் எல்லோரும் விளங்கிக்கொண்டோம்.

மீஸான் கட்டை சில மாரிக்குள் உக்கிப் போகும். மையவாடியில் இடம் போதாமல் அதே இடத்தில் இன்னொருவரை அடக்கவும் நேரும். எஞ்சுவது எழுத்து மட்டும்தான். காசுக்காக மயானம் நடத்திய ஒரு கம்பனி, முகம் தெரியாத ஏழையின் பெயரை இவ்வளவு காலம் காத்து வைத்திருக்கிறது. நமது ஜமாஅத்தால் நமது சொந்த மூத்தவாப்பாவுக்கு அதைச் செய்ய முடியாதா?

பள்ளிவாசல் நிருவாகிகளிடம் ஒரு வேண்டுகோள். பெயர், தகப்பன் பெயர், வீட்டில் கூப்பிடும் பெயர், திகதி, எந்த வரிசையில் எத்தனையாவது கப்று: இந்த ஐந்தையும் ஒவ்வொரு ஜனாஸாவுக்கும் எழுதுங்கள். பழைய பதிவேடு எங்காவது அலுமாரியில் கிடந்தால், கறையான் அரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். எழுதுவதற்கு ஆள் இல்லையென்றால் நம் மாணவர்களைக் கேளுங்கள், சந்தோசமாக வருவார்கள்.

அல்லாஹ் நமது முன்னோர்களின் கப்றுகளை விசாலமாக்கி வைப்பானாக. ஆமீன்.